மேல் பஞ்சமமும் நானும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)

விடுதியில் மூன்று வருஷம் என் பாட்டைப் பொறுத்துக் கொண்ட அருமை நண்பர்களே!

பேசக் கூப்பிட்டவர்கள் "உன் நாடக அனுபவத்தைச் சொல்லேன்" என்றார்கள். எந்த நாடகத்தை? பாங்க் வேலையில் இருந்து கொண்டே முப்பது வருஷமாக சபா நாடகங்களில் அப்பா, மாமா, இன்ஸ்பெக்டர் என்று வந்து போனவன் நான். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு நடித்த ஒரு புது இசை நாடகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில்தான் உதை வாங்கினேன்.

இசை நாடகம் என்றால் நமக்கு சங்கரதாஸ் சுவாமிகள்தான் நினைவுக்கு வருவார். வள்ளி திருமணம், பவளக்கொடி, விடிய விடியக் கூத்து. இது அப்படியில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம். நாலே நடிகர்கள். ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா முதல் ஜலதரங்க ஓசை வரை ஒருவரே சமாளிக்கும் ஆல்ரவுண்ட். டைரக்டரையும் லைட் தம்பியையும் சேர்த்தால் ஒரே வேனில் அடங்கிவிடுவோம். உண்மையான காரணமும் அந்த வேன்தான்! இன்றைக்கு முப்பது பேரைக் கூட்டிக் கொண்டு ஊர் ஊராகப் போக யாரிடம் காசு இருக்கிறது?

"ஆள் குறைந்தால் நாடகம் நிற்குமா?" என்று நான் இழுத்தபோது, டைரக்டர் நியூயார்க்கில் நடந்த 'தி ஃபென்டாஸ்டிக்ஸ்' என்ற நாடகத்தைச் சொன்னார். எட்டு நடிகர்கள், ஒரு பியானோ, ஒரு ஹார்ப். 1960-இல் ஒரு சின்ன அரங்கில் ஆரம்பித்து 2002 வரை 17,162 காட்சிகள் நடந்ததாம். நான் வாயை மூடிக் கொண்டேன்.

எங்கள் கதை 1920-களில் ஒரு பாய்ஸ் கம்பெனி. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சிறு வயதில் இப்படிப்பட்ட கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்தானே. ரயிலைத் தவற விட்டு ஒரு ஸ்டேஷனில் ராத்தங்கல். ராஜபார்ட் பையனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டது. குரல் உடையும் பருவம். அந்தக் காலத்தில் மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் உச்ச சுருதியில் பாடியாக வேண்டும். குரல் உடைந்த பையனுக்கு நேற்று வரை கிடைத்த மரியாதை இன்று கிடையாது. "உன் வேஷம் இனி அடுத்தவனுக்கு" என்று அந்தப் பையனிடம் வாத்தியார் சொல்ல வேண்டும். அந்த வாத்தியார் நான்.

நாலு பேர் நாடகம் என்றால் என்ன என்பது ஒத்திகையில் தெரிந்தது. சபா நாடகத்தில் என் கட்டம் முடிந்தால் உள்ளே போய்க் காபி குடிப்பேன். இதில் உள்ளே போவது என்பதே கிடையாது. மேடை ஓரத்து டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்திருப்போம். துண்டைத் தலையில் கட்டினால் போர்ட்டர், தோளில் போட்டால் வாத்தியார். தண்ணீர் குடிப்பதைக்கூட ஜனங்கள் பார்க்கிறார்கள். வசனம் மறந்தால் ஏதாவது உளறி ஒப்பேற்றலாம், நான் ஒப்பேற்றாததா! பாட்டில் அது நடக்காது. தாளம் நமக்காக நிற்காது.

விஷயத்துக்கு வருகிறேன். முதல் காட்சியில் வாத்தியார் ஒரு விருத்தம் பாடுவார். சுருதி இரண்டு கட்டை. கடைசி வரி மேல் பஞ்சமத்தில் போய் நிற்க வேண்டும். கல்லூரி நாள் விழாவில் நான் இரண்டு கட்டையில் எடுத்து நிறுத்தியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும் (கை தட்டுகிறீர்கள், நன்றி). இசையமைத்த பெண் சின்ன வயசு. முதல் நாளே, "சார், ஒரு கட்டைக்கு இறக்கிக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டாள். "ஏம்மா, என்னைப் பார்த்தா கிழவன் மாதிரியா இருக்கு?" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

முதல் இரண்டு காட்சிகளும் எப்படியோ ஓடின. வீட்டுக்கு வந்தால் தொண்டை கரகரப்பு. மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை, எல்லாம் ஆயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது காட்சி. நூற்றிருபது பேர் கொள்ளும் சின்ன அரங்கு. முன் வரிசைக்காரர் முழங்காலைத் தொட்டுவிடலாம். கடைசி வரிக்குப் போகிறேன். வாய் திறந்திருக்கிறது, காற்று வருகிறது, சத்தம் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு யுகம். திடீரென்று பின்னாலிருந்து அந்தப் பஞ்சமம் எழுந்தது. பெஞ்சில் தூங்குகிற புதுப் பையனாகப் படுத்திருந்த எங்கள் குழுவின் நடிகை, எழுந்து உட்கார்ந்து அந்த வரியைப் பாடிக் கொண்டிருந்தாள். நாலு பேர் நாடகத்தில் எல்லோருக்கும் எல்லோருடைய பாட்டும் பாடம். ஜனங்கள் கை தட்டினார்கள். நாடகமே அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள்!

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். காட்சி முடிந்ததும், "என் வரியை ஏம்மா எடுத்தே?" என்று கேட்டேன்.

"நீங்க பாடியிருந்தா நான் எதுக்கு சார் எடுக்கப் போறேன்?" என்றாள். அவள் கை அப்போதும் நடுங்கிக் கொண்டிருந்தது.

ஆர்மோனியக்காரர் ஸ்பெஷல் நாடகத்திலேயே பழம் தின்று கொட்டை போட்டவர். எழுபது தாண்டியவர். பெட்டியைத் துணியால் மூடிக் கொண்டே சொன்னார்: "தம்பி, மூணு காட்சியா நீங்க அந்தப் பஞ்சமத்துக்குப் பக்கத்துல நின்னுட்டுத் திரும்பிடுறீங்க. நான்தான் பெட்டியைச் சத்தமா அமுக்கி மூடிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு மூடுறதுக்கே ஒண்ணுமில்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தொட்டுவிட்டதாக நினைத்த மேல் பஞ்சமம், அவருடைய பெட்டியிலிருந்து வந்த பஞ்சமம். என்னைத் தவிர மேடையிலிருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. "வேஷம் கைமாறினா மானம் போயிடாது தம்பி" என்று ராஜபார்ட் பையனிடம் தினமும் கண்ணீரோடு வசனம் பேசுகிறவன் நான். ஒரு நாள்கூட அது என் காதில் விழவில்லை.

மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். குரல் நாண்கள் வீங்கியிருக்கின்றன, மூன்று நாள் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான் என்றார். வீட்டில் எல்லோருக்கும் பரம சந்தோஷம். சிலேட்டில் எழுதிக் காட்டினேன். இசையமைத்த பெண்ணுக்கும் முதல் வேலையாக எழுதி அனுப்பினேன்: "சுருதியை இறக்க வேண்டாம். கடைசி வரியை அவளிடமே கொடுத்துவிடு." சுருதியை இறக்கினால் ராஜபார்ட் பையனாக நடிக்கும் தம்பிக்கு மந்திர ஸ்தாயியில் சத்தமே வராது, அவன் குரல் அப்படி. நாலு பேரில் ஒருவனுக்காகச் சுருதியை மாற்றினால் மற்ற மூன்று பேரையும் அது இழுக்கும். இதை அவள் ஒத்திகையிலேயே கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தாளாம். எனக்காக அவனுக்கு வேறு மெட்டுக்கூட யோசித்து வைத்திருக்கிறாள். நான்தான் கேட்கவில்லை.

நான்காவது காட்சியிலிருந்து வாத்தியார் விருத்தத்தை ஆரம்பிப்பார். கடைசி வரிக்கு முன் நிறுத்திக் கொள்வார். தூங்குகிற பையன் எழுந்து பாடுவான். வாத்தியார் அவனைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு டைரக்டர் எனக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் தடவை பார்த்தபோது கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தேன் என்பதை உங்களிடம் ஒப்புக் கொள்கிறேன். "அந்தப் பார்வை பிரமாதம்" என்று என் மனைவி சொன்னாள். முப்பது வருஷத்தில் அவள் என் நடிப்பைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

பதினான்கு காட்சிகள் நடந்தன.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் அந்தப் பழைய பாட்டைப் பாட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறீர்கள். பாடுகிறேன். ஒரு கட்டையில். ஆர்மோனியம் வாசிக்கப் போகிற நண்பரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். மேல் ஸ்தாயி வரும்போது பின் வரிசையில் இருக்கும் விடுதிக்காரர்கள் எடுத்துக் கொள்ளவும். உங்களுக்குத்தான் பாடம் ஆயிற்றே!