தீக்கு முகமில்லை, திருடனுக்கு உண்டு



போலீஸ் பணி கடினமா, தீயணைப்புப் பணி கடினமா? கோத்தா கோலா மூடாவிலிருந்து வந்திருக்கும் நான் போலீஸ் அணியில் நிற்கிறேன்.

எங்கள் தோட்டப்புறத்தில் சோறு உண்ண மறுக்கும் பிள்ளையிடம் "போலீஸ்காரர் வருகிறார்" என்று பயமுறுத்துவார்கள். "பொம்பா வருகிறது" என்று சொல்லிப் பாருங்கள்! பிள்ளை சிவப்பு வண்டியைப் பார்க்க வாசலுக்கு ஓடிவிடும்.

அந்த அன்புக்கு அவர்கள் தகுதியானவர்கள். 2018 அக்டோபர் 3ஆம் தேதி, பூச்சோங்கில் ஈயக் குட்டையில் விழுந்த 17 வயது இளைஞரைத் தேடி இறங்கிய 6 தீயணைப்பு வீரர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். அந்தப் பிள்ளை எந்த இனம் என்று அவர்கள் கேட்டார்களா?

போலீஸ்காரரும் உயிரைக் கொடுக்கிறார். 2013இல் சபாவின் லஹாட் டத்து ஊடுருவலில் 8 போலீஸ்காரர்கள் மாண்டார்கள். 2024 மே 17ஆம் தேதி ஜொகூர் உலு திராம் போலீஸ் நிலையத்திலேயே இருவர் கொல்லப்பட்டார்கள்.

தியாகத்தில் இருவரும் சமம். அப்படியானால் வேறுபாடு எங்கே?

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி எங்கள் ஊர்க் கரையில் ஏறியது. அதுபோன்ற பேரிடரில் இடிபாட்டில் ஆளைத் தேடுகிறவரை எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். காலியான வீட்டுக்குள் நுழைபவனைத் தடுத்து, "நீ யார்?" என்று கேட்க வேண்டியவர் போலீஸ்காரர். கேட்கப்பட்டவன் கும்பிடுவானா? தீக்கு முகமில்லை, எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் குற்றமில்லை. போலீஸ்காரர் பிடிப்பதோ ஒரு தாயின் பிள்ளையை. அவன் குற்றவாளியா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். அதுவரை அவன் உடலுக்குப் போலீஸ்தான் பொறுப்பு.

தீயணைப்பு வீரர் தீயை அடக்கினால் போதும். போலீஸ்காரர் தம் கோபத்தையும் அடக்க வேண்டும். அடக்கத் தவறினால் என்ன ஆகும்? 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் தடுப்புக் காவலில் இறந்த ஆ.குகனை நம் சமுதாயம் மறக்கவில்லை. 2013இல் உயர்நீதிமன்றம் போலீஸ் தரப்பைப் பொறுப்பாக்கி, குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

கடினமான பணி என்பது தவற்றுக்குச் சாக்காகாது. அதிகாரம் கூடினால் கண்காணிப்பும் கூட வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளைகளைப் போலீஸ் பெயர் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். சட்டத்தைச் சொல்லிக் கொடுங்கள். கைதானவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும், வழக்கறிஞரை அணுக உரிமை உண்டு, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்பின் 5ஆவது விதி. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளை இரு துறைகளுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நிலையத்துக்குள் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தால், பயந்து வரும் தோட்டத்துத் தாய்க்கு அதுவே பாதி ஆறுதல்.