பனிமலைச் சிற்றூரில் ஓர் அயலார்

மாணவ நண்பர்களே, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1953இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதுண்டு. சுவிட்சர்லாந்தின் லாய்க்கர்பாட் என்னும் மலைச் சிற்றூரில் அவர் தங்கினார். அவ்வூரார் அதற்குமுன் கறுப்பரைக் கண்டதில்லை. தலைமயிரைத் தொட்டுப் பார்த்தனர். கையின் நிறம் ஒட்டவில்லையே என்று வியந்தனர். அதில் பகைமை இல்லை என்று அவரே ஒப்புகிறார். ஆயினும், தாம் அங்கே மனிதராக அன்றி ஒரு விந்தையாகவே இருந்ததாக எழுதுகிறார். திருவிழாவிலே சிறுவர்கள் முகத்தில் கரி பூசி, ஆப்பிரிக்கரைச் சமயத்தில் சேர்க்கக் காசு திரட்டுவராம். அப்படி எத்தனை பேரை 'வாங்கினோம்' என்று ஓர் அம்மையார் அவரிடமே பெருமையோடு சொன்னாராம்!

வெறுப்பைக் கண்டிக்கும் கட்டுரைகள் மிகப் பல. வெறுப்பே இல்லாத இடத்திலும் இழிவு நிகழ்வதைக் காட்டுவன சிலவே. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இது என்னை விடாமைக்குக் காரணம் அதுவே. 1955இல் வந்த அவருடைய தொகுப்பின் இறுதிக் கட்டுரை அது. உங்கள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.