கொம்யூனிகேஷன் கடை வாங்கு

(மாதாந்த இணையவழி இலக்கியச் சந்திப்பில், மொன்றியல் கோட்-டெ-நெய்ஜில் இருந்து நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே காலை பத்தரை. ஊரில் இரவு எட்டு மணி. ஊரில் இருந்து பார்க்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தின் தரத்தை 144-க்குக் குறைத்துவிடுங்கள். என் குரல் கேட்டால் போதும், முகத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. டேட்டா மிஞ்சினால் நாளைக்குப் பிள்ளையின் படிப்புக்கு உதவும்.

"இணையமும் புலம்பெயர் எழுத்தும்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். நான் விமர்சகர் இல்லை. ஆஸ்பத்திரியில் தாதி, இடைக்கிடை கதை எழுதுகிறவள். அதனால் தலைப்பைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஒரு வாங்கில் இருந்து தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்தோம். அண்ணா மொன்றியலில். ஞாயிறு பூசை முடிய நானும் அம்மாவும் ஒரு கொம்யூனிகேஷன் கடைக்குப் போவோம். கடைக்காரர் கொப்பியில் பெயரை எழுதுவார். வாங்கில் இருபது பேர் இருப்பார்கள். வருகிற அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் காசு. பெயரைக் கூப்பிட்டால் ஓடிப்போய் எடுக்க வேண்டும். ஒட்டுப்பலகைத் தடுப்புத்தான், நீங்கள் சொல்வதெல்லாம் வாங்கில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். யாருடைய மகனுக்கு அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, யாருடைய கலியாணம் குழம்பியது, எல்லாம் எங்களுக்குத் தெரியும். அம்மா கடைக்குள் அழமாட்டா. றோட்டுக்கு வந்த பிறகுதான் அழுவா.

இந்தக் கடைகளைப் பற்றி எங்கள் எழுத்தில் நிறைய வந்திருக்கிறது. பெரும்பாலும் பிரிவின் அடையாளமாக. நான் இன்றைக்கு அதை வேறு விதமாகப் பார்க்கச் சொல்கிறேன். சொந்தமாகத் தொலைபேசி இல்லாதவர்களும் உலகத்தோடு கதைக்கக்கூடிய பொது இடமாக அது இருந்தது. காசு வாங்கினார்கள், உண்மை. ஆனால் கதவு திறந்திருந்தது. உள்ளே விஷயம் தெரிந்த ஒரு ஆள் இருந்தார்.

பிறகு இணையம் வந்தது. 2005இல் இலங்கை அரசு நெனசல நிலையங்களைத் தொடங்கியது. தமிழில் அறிவகம் என்றார்கள். விகாரை, கோயில், நூலகம், சனசமூக நிலையம் என்று சனம் ஏற்கெனவே கூடுகிற இடங்களில் கணினிகளை வைத்தார்கள். 700க்கு மேற்பட்ட நிலையங்கள். 2014இல் அந்தத் திட்டத்துக்கு கேட்ஸ் அறக்கட்டளையின் 10 லட்சம் டொலர் விருதும் கிடைத்தது. 2015 மார்ச்சில் பொது இடங்களில் இலவச வைஃபை வந்தது. முதலில் 26 இடங்கள். அதே ஆண்டு கூகுளின் பலூன்கள் வானத்தில் மிதந்து தீவு முழுவதற்கும் இணையம் தரும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2016இல் ஒரு பலூன் பரீட்சைக்கு வந்தது. தீவு முழுவதற்குமான அந்த இணையம் வரவே இல்லை. 2021இல் கூகுளின் தாய் நிறுவனம் பலூன் திட்டத்தையே மூடிவிட்டது.

பலூனைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வானத்தில் இருந்து சிக்னல் வந்தாலும், அதைப் பிடிக்கக் கையில் ஒரு போன் வேண்டும். போனில் வருகிற ஆங்கிலப் படிவத்தை வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணம் போனேன். தங்கின இடத்தில் தேத்தண்ணியோடு வைஃபை கடவுச்சொல்லையும் ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள். வெளிநாட்டுக்காரிக்கு அது உபசாரத்தில் ஒரு பகுதி. பக்கத்து வீட்டில் உயர்தரம் படிக்கிற பிள்ளை இரவு பன்னிரண்டு மணிக்கு எழும்பி இருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அன்ரி, பகல் டேட்டா முடிஞ்சுது. இரவு டேட்டா பன்னிரண்டுக்குப் பிறகுதான்" என்றாள். பாதித் தூக்கத்தில் கணிதப் பாட வீடியோ பார்க்கிறாள். அவளுடைய வீட்டுக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி மட்டும். அந்தத் துண்டை வேலிக்கு மேலால் கொடுத்தேன். வைஃபை அவ்வளவு தூரம் எட்டவில்லை. அடுத்த நாள் வீட்டுக்காரரிடம் கேட்டு அவளை முற்றத்தில் இருத்திப் படிக்க வைத்தோம்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு. வாகனத்தை இணையத்தில் பதிந்து கியூஆர் எடுத்தால்தான் வாரப் பங்கு. வெளிநாட்டுப் பயணிகளுக்கும் பிறகு தனியாக ஓர் எரிபொருள் அட்டை கொடுத்தார்கள். போன் இல்லாத மீன்காரர், ஆட்டோக்காரர் எங்கே போனார்கள்? பழைய கொம்யூனிகேஷன் கடைக்குத்தான். அங்கேதான் பதிந்து, அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார்கள்.

இப்போது எனக்குச் சொல்லக் கஷ்டமான ஒன்றைச் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. ஊரில் காலை ஒன்பது மணிக்குக் கிட்ட. இங்கே இன்னும் சனி இரவு. திருவிழிப்புப் பூசை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். செய்தி வரத் தொடங்கியது. கொச்சிக்கடை அந்தோனியார், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார், மட்டக்களப்பு சீயோன். மட்டக்களப்பில் என் ஒன்றுவிட்ட அக்கா இருக்கிறா. வட்ஸ்அப்பில் எழுதினேன். ஒரு சரி மட்டும் விழுந்தது, இரண்டாவது விழவில்லை. அரசு சமூக ஊடகங்களை முடக்கிவிட்டது. வதந்தி பரவி இன்னும் உயிர் போகக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும் அப்படித்தான் செய்தார்கள். வதந்தியால் வீடு எரிந்த நாடு எங்களுடையது. அந்தக் காரணத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் அன்றிரவு எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல்: இருக்கிறம்.

அக்காவின் போன் எடுபடவில்லை. விடியப்புறம் நாலு மணிக்குப் பழைய டயறி ஒன்றைத் தேடி எடுத்தேன். அக்கா வீட்டு முடக்கில் இருந்த கொம்யூனிகேஷன் கடையின் நம்பர். இப்போது அது போட்டோக்கொப்பியும் ரீலோடும் செய்கிற கடை. கடைக்குப் பின்னால் அவர்களுடைய வீடு. ஒரு வயதான குரல் எடுத்தது. விஷயத்தைச் சொன்னேன். "தங்கச்சி, லைனில நிக்க வேண்டாம். பத்து நிமிஷத்தால எடுங்கோ" என்றார். அவர் சைக்கிளில் போயிருக்கிறார். பத்து நிமிஷத்தால் எடுத்தபோது அக்காவின் குரல் வந்தது. அவர்கள் அன்றைக்கு வேறு கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

என் அக்கா தப்பினா. மற்ற வீடுகளில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அதை நினைக்காமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அந்த ஐயாவை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. இணையம் நின்ற இடத்தில் ஒரு சைக்கிள் போனது. பொது இணையம் என்று நாங்கள் கேட்கும்போது கம்பியையும் கோபுரத்தையும் கேட்கிறோம்; அந்த ஐயாவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இங்கே கோட்-டெ-நெய்ஜிலும் அதையே பார்க்கிறேன். 6767ஆம் இலக்கக் கட்டடத்தில் இருக்கிற நூலகத்துக்கு வாரம் ஒருக்கால் போவேன். புதிதாக வந்தவர்கள் கணினியில் குடிவரவுப் படிவம் நிரப்புகிறார்கள். கொங்கோக்காரர், பிலிப்பீனோக்காரர், எங்கள் ஆட்கள். முட்டுப்பட்டால் கை உயர்த்துகிறார்கள். மேசைக்குப் பின்னால் இருந்து ஒருவர் எழும்பி வருகிறார். இந்த நகரத்தில் 2003இலேயே சில தொண்டர்கள் 'இல் சான் ஃபில்' என்று ஒரு சங்கம் அமைத்து, கஃபேகளிலும் பூங்காக்களிலும் இலவச வைஃபை பூட்டினார்கள். பணக்கார நாட்டிலும் யாரோ ஒருவர் ஏணியில் ஏற வேண்டியிருந்தது.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 2005இல் இருந்து நூலகம் வலைத்தளம் எங்கள் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக மின்படியாக்கி இலவசமாக வைத்திருக்கிறது. அதை மொன்றியலில் இருந்து நான் கேட்கிற நேரத்தில் திறக்கலாம். முல்லைத்தீவுப் பிள்ளை இரவு டேட்டாவுக்காகக் காத்திருந்து திறக்கிறது. எரிந்த நூலகத்துக்காக அழுகிற நாங்கள், திறந்திருக்கிற நூலகத்துக்குப் போகும் வழியைப் பற்றி ஏன் கதைப்பதில்லை?

முடிக்கிறேன். ஊருக்கு நாங்கள் காசு அனுப்புகிறோம். கோயிலுக்குக் கோபுரம், தேவாலயத்துக்கு மணிக்கூண்டு, பள்ளிக்கூடத்துக்கு வளைவு. நானும் மணிக்கூண்டுக்குக் கொடுத்தவள்தான். கணினியும் அனுப்பியிருக்கிறோம். அதன் மேல் தூசு படிந்ததையும் பார்த்திருக்கிறேன். மாதாந்தக் கட்டணத்தையும் ஒருவரின் சம்பளத்தையும் யாரும் பொறுப்பெடுக்கவில்லை. கல்வெட்டில் அதற்குப் பெயர் போட முடியாதே.

இந்த முறை அதைக் கொடுப்போம். ஒரு அறை, இரண்டு கணினி, படிவம் நிரப்பித் தரத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு மாதச் சம்பளம், வாசலில் ஒரு வாங்கு. ஊராரும் இருக்கலாம், வழிப்போக்கரும் இருக்கலாம். உள்ளே ஒரு கதவு மட்டும் ஒழுங்காகப் பூட்டக்கூடியதாக இருக்கட்டும். எங்கள் அம்மா மாதிரி யாராவது வந்தால், றோட்டுக்கு வரும் வரைக்கும் காத்திருக்காமல் உள்ளேயே அழட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஊரில் இருக்கிறவர்கள் முதலில் கேட்கட்டும். அவர்களுடைய டேட்டா முடிந்துவிடும்.