வாசலில் செடித் தொட்டிகள்: முதலில் இடம், பிறகு செடி
(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாசலில் என்ன செடி வைக்கலாம் என்று நம் அங்கத்தினர்கள் பலர் கேட்பதால், அதைப் பற்றிச் சிறிது நேரம் பேசும்படி காரியதரிசி பணித்தார். விஞ்ஞானம் படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகத்தில் காலம் கழித்தவன் நான். சர்க்காரில் ஒரு நடைமுறை உண்டு. முதலில் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும், பிறகு எஸ்டிமேட், கடைசியில்தான் கொள்முதல். தொட்டி விஷயத்தில் மட்டும் நாம் கொள்முதலில் ஆரம்பிக்கிறோம். நர்சரியில் பார்த்த செடி பேஷாக இருக்கிறது, வாங்கி வந்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு அதற்கு இடமுமில்லை, வெளிச்சமுமில்லை. ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வாசலில் முதல் பாத்தியதை நடப்பவருக்கு. இரண்டாவது, அங்கே விழும் வெளிச்சத்துக்கு. செடிக்கு மூன்றாவது இடம்தான்.

முதலில் நடையைப் பார்ப்போம். நம்மில் பலர் இன்று ஃப்ளாட்டுகளில் இருக்கிறோம். கதவுக்கு வெளியே உள்ள காரிடார் எல்லோருக்கும் பொது. தீப்பிடித்துப் புகை சூழ்ந்தால் விளக்கு தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். நாம் தொட்டி வைத்திருப்பதும் அந்தச் சுவரோரம்தான். வெளியேறும் வழிகளில் தடை கூடாது என்று தேசிய கட்டட விதித் தொகுப்பும் சொல்கிறது. ஆகவே பொதுக் காரிடாரிலும் மாடிப்படியிலும் தொட்டி வேண்டாம். கதவையொட்டி உள்வாங்கிய இடம் இருந்தால் அங்கே வைக்கலாம். தனி வீடானாலும், சக்கர நாற்காலி தாராளமாகப் போக 90 செ.மீ. வழி வேண்டும். டேப்பை எடுத்து அளந்து, அந்த 90 செ.மீ.யை விட்டது போக மிஞ்சுவதே தொட்டிகளுக்கு.

அகலமான வாசலென்றால் இரு பக்கமும் ஜோடியாக வைப்பது அழகு. குறுகிய வாசலில் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக, கதவின் கீல் இருக்கும் பக்கத்தில் வையுங்கள். பூட்டுப் பக்கம் நாம் நின்று சாவி போடும் இடம்; அது காலியாக இருக்கட்டும். உயரமான தொட்டி சுவரை ஒட்டியும், குட்டையானவை அதற்கு முன்னாலும் இருந்தால் மூன்றே தொட்டியில் வாசல் நிறைந்துவிடும். கோலம் போடும் இடத்துக்குத் தண்ணீர் வழியக் கூடாது. கோலம் அழிவது ஒரு பக்கம் இருக்க, ஈரத் தரையில் வழுக்கி விழுவது நம் வயதுக்காரர்கள்தான்.

அடுத்தது வெளிச்சம். சென்னையில் அக்கா வீட்டு வடக்கு வாசலில் பூக்கும் செடி, டில்லியில் தங்கை வீட்டு வடக்கு வாசலில் ஏன் பூப்பதில்லை? சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வேளைச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மும்பையில் இது மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை கடைசி வரை. டில்லியோ கடகரேகைக்கு வடக்கே இருப்பதால், அங்கே உச்சிச் சூரியன் வருஷம் முழுவதும் தெற்கில்தான். ஆகவே டில்லியின் வடக்கு வாசலுக்குக் கோடையில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் கொஞ்சம் கிடைக்கும்; குளிர்காலத்தில் அதுவும் கிடையாது. மாறாக டில்லியின் தெற்கு வாசலில் டிசம்பர் உச்சிச் சூரியன் 38 டிகிரி உயரத்தில் நின்று, உள்ளே நன்றாக வெயில் தரும். மேற்கு வாசலில் எந்த ஊரானாலும் பிற்பகல் வெயில் கடுமை.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நண்பகல் நேர் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். ட்யூப்லைட் காரிடார் சில நூறு லக்ஸைத் தாண்டாது. கண் அதற்குப் பழகிவிடும், செடி பழகாது. ஐந்தாறு மணி நேரம் வெயில் விழுந்தால் துளசி, செம்பருத்தி, மல்லிகை வைக்கலாம். வெயில் இல்லாமல் நல்ல வெளிச்சம் மட்டும் இருந்தால் மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், அக்லோனிமா. ட்யூப்லைட் மட்டும்தான் என்றால் செடியே வேண்டாம். உருளியில் தண்ணீர் விட்டு, தினம் புதிதாக நாலு பூ மிதக்க விடுங்கள். வடக்கே இருப்பவர்கள் துளசியை ஜனவரிக் குளிரில் இரவு உள்ளே எடுத்து வையுங்கள். மஞ்சரியிலிருந்து விதை சேர்த்து வைத்தால், ஒன்று பட்டுப்போனாலும் குளிர் போனதும் புதிதாக விதைக்கலாம்.

இனி தொட்டி. ஓரடி விட்டம், ஓரடி உயரமுள்ள தொட்டி சுமார் 21 லிட்டர் கொள்ளும். ஈர மண் நிரப்பினால் 35 கிலோவைத் தாண்டிவிடும். வீட்டில் இருப்பவர்களால் நகர்த்த முடியாத தொட்டி, அடியில் பெருக்கப்படாத தொட்டி. கோகோபீட் கலந்தால் எடை குறையும். மண் தொட்டி மூச்சு விடும், குளிர்ச்சி தரும், ஆனால் சீக்கிரம் காயும். ப்ளாஸ்டிக் ஈரத்தை வைத்துக்கொள்ளும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு ப்ளாஸ்டிக் சௌகரியம். அடியில் ஜல்லி நிரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது தவறு. பொடி மண்ணிலிருந்து தண்ணீர் ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. மேலேயே தேங்கி வேரை அழுகச் செய்யும். துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும்.

அடித்தட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது. உருளிக்கும் இதே விதிதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கும் தண்ணீரில்தான் வளர்கிறது. முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். ஆகவே வாரம் ஒரு நாள் தேய்த்துக் கழுவிக் காயவைப்பது அவசியம்.

கடைசியாகக் குழந்தைகள். அரளியின் எல்லாப் பாகமும் விஷம். அது வாசலுக்கு வேண்டாம். டீஃபன்பேக்கியா, அக்லோனிமா, மணி பிளாண்ட் ஆகியவற்றில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. சேனையும் சேப்பங்கிழங்கும் அரிப்பது இதனால்தான். கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். பேரன் பேத்தி தவழும் வயதென்றால் இவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். முள் செடிகளும் நடைக்கு அருகில் வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் புறப்படும் முன், காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு மணிக்கு உங்கள் வாசலில் வெயில் எங்கே விழுகிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வழியின் அகலத்தையும் அதிலேயே எழுதுங்கள். அந்தக் காகிதத்தோடு போனால், தேவையில்லாத செடி ஒன்றும் வீட்டுக்கு வராது.