நாலாவது விதி

வயல் வேலை முடித்துக் கைகால் கழுவி நேரே இந்த நூலகத்துக்கு வந்திருக்கும் கீரப்பாளையத்து உறவுகளே!

இன்று ஆகஸ்ட் 12, நூலகர் தினம். நாம் நினைத்துக்கொள்ளும் எஸ். ஆர். அரங்கநாதன் தூரத்துக்காரர் இல்லை. சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலம் கடந்தால் சீர்காழி. அங்கே 1892-இல் பிறந்தவர். கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நாலாவதை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து.

கவனியுங்கள். புத்தகம் பெருகிவிட்டது, குறையுங்கள் என்று அந்த மனிதர் சொல்லவில்லை. தேடி வருகிறவன் கையில் வேண்டியது சட்டென்று கிடைக்கும்படி வை என்றார்.

நம்ம போனுக்கு அப்படியொரு நூலகர் இல்லை. விடிந்தால் ரோஜாப்பூ, ராசிபலன், குட்மார்னிங். போகட்டும், பூவால் யாருக்கும் சேதமில்லை. நான் சொல்வது மழைக்காலத்தை. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பிடித்தால் போதும், ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு குரல்பதிவு வரும்: "வீராணம் ஏரி உடைஞ்சிடுச்சு, எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க!" பேசுவது யார்? பேசியது எந்த வருஷம்? கூடவே ஒரு படம். பார்த்தால் 2015 வெள்ளத்தில் எடுத்ததாக இருக்கும். இதை நம்பி மாட்டை அவிழ்த்துவிட்டு, விதைநெல்லைப் பரணில் ஏற்றி, தூங்குகிற பிள்ளையை எழுப்பி உட்கார வைக்கிறோம்.

நமக்கு வேண்டியது இரண்டே சேதி. ஏரியில் எத்தனை அடி? முழு மட்டம் 47.50 அடி. சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுக்கு எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள்? இதை அளந்து சொல்ல ஆள் இருக்கிறார்கள். அந்தச் சேதியும் நம்ம போனுக்கு வரத்தான் செய்கிறது; நூறு பூவுக்கு அடியில் கிடக்கிறது.

போனைத் தூக்கிப் போடச் சொல்ல நான் வரவில்லை. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் அடித்து, கரண்டும் போய், போனும் ஊமையானபோது ஒரு சேதிக்காகத் தவித்தவர்கள் நாம்தானே?

அதனால் ஒரு கோரிக்கை. இந்த நூலக வாசலில் ஒரு கரும்பலகை வைப்போம். மழை மாதங்களில் தினமும் ஏரி மட்டம், ஆற்றில் திறப்பு, சொன்ன அலுவலகம், எழுதிய தேதி, மணி. சந்தேகம் கேட்க மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. வேறு எதுவும் அதில் வேண்டாம், என் பிறந்தநாள் வாழ்த்து உட்பட!

பலகைச் செலவு என்னுடையது. காலையிலும் மாலையிலும் வந்து எழுத இரண்டு பேர் வேண்டும். பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, யார் வருகிறீர்கள்?