எக்ஸ்திரமதூராவின் பனிக்காலப் பறவைகள்

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளைப் பற்றிப் பேசும்போது, நீலக் கடலும் வெண்மணற் கரையும் கோடைகால உல்லாசப் பிரயாணிகளுமே பெரும்பாலோர் மனக்கண்முன் தோன்றுவது வழக்கம். ஆனால், அக்கடலுக்குரிய காலநிலையைக் கொண்டிருந்தும் கடலையே காணாத உள்நாட்டுப் பிரதேசங்களும் அங்கே உண்டு. ஸ்பெயின் தேசத்தின் மேற்கே, போர்த்துக்கலின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் எக்ஸ்திரமதூரா அத்தகையது. காசரேஸ், பதஹோஸ் என்னும் இரு மாகாணங்களைக் கொண்ட இப்பிரதேசத்தின் பரப்பு 41,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. இலங்கைத் தீவின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு எனலாம். ஆயினும் அங்கு வாழும் மக்கள் சுமார் பத்து இலட்சம் பேரே. மனிதர் குறைந்த இந்த வரண்ட நிலத்துக்குப் பனிக்காலந்தோறும் ஐரோப்பாவின் வடபகுதிகளிலிருந்து பறவைகள் வந்து சேருகின்றன. அவற்றைக் காண விரும்புவோரும் மோட்டார் வண்டியேறி அங்கே வருகின்றனர்.

வரண்ட நிலத்தில் பறவைக்கு என்ன கிடைக்கும் என்ற ஐயம் எழலாம். மத்தியதரைக் காலநிலையின் விசேடமே அதற்கு விடை. அங்கு கோடையில் மழை இல்லை. வெயில் 40 பாகை செல்சியசையும் தாண்டும். புல்லெல்லாம் பொன்னிறமாகக் கருகிவிடும். மழை பெய்வது ஒக்ரோபர் முதல் ஏப்பிரில் வரையிலேயே. வடகீழ்ப் பருவக்காற்றின் மழையால் கார்த்திகை மார்கழியில் யாழ்ப்பாணத்து வயல்கள் பசுமை கொள்வது போல, எக்ஸ்திரமதூராவின் மேட்டுநிலங்களும் அக்காலத்திலேயே பசும்புல் போர்த்து நிற்கின்றன. வட ஐரோப்பா உறைபனியில் மூடிக்கிடக்கும் வேளையில் இங்கே தளிரும் தானியமும் கொட்டையும் கிடைக்கின்றன.

பிரயாணம் பெரும்பாலும் துருஹீயோ என்னும் பழைய நகரிலிருந்து தொடங்கும். பெரு நாட்டின் இன்கா அரசை வீழ்த்திய பிசாரோ பிறந்த ஊர் அது. நகரின் கற்கோபுரங்களில் செங்கால் நாரைகளின் பெரிய கூடுகள் உள்ளன. முன்னர் ஆபிரிக்காவுக்குச் சென்று பனிக்காலத்தைக் கழித்த இந்நாரைகளுட் பல இப்போது ஸ்பெயினிலேயே தங்கிவிடுகின்றன. நகரைவிட்டு வெளியேறியதும், சாந்தின்றிக் கற்களை அடுக்கி எழுப்பிய மதில்களும் மரமற்ற புல்வெளிகளும் அடிவானம் வரை விரிகின்றன.

இவ்வெளியின் முதன்மைப் பறவை பெருங் கானமயில். ஸ்பானியர் இதனை 'அவுத்தார்தா' என்பர். வளர்ந்த ஆண் பறவை 10 முதல் 15 கிலோகிராம் வரை நிறையுடையது. பறக்கவல்ல பறவைகளுள் மிகப் பாரமானவற்றுள் இதுவும் ஒன்று. உலகிலுள்ள பெருங் கானமயில்களிற் பாதிக்கும் மேற்பட்டவை ஸ்பெயினிலேயே வாழ்கின்றன. 1980இல் அங்கு இதனை வேட்டையாடுதல் முற்றாகத் தடுக்கப்பட்டது. ஆயினும் மனிதரிடம் கொண்ட அச்சம் இப்பறவையை விட்டு இன்னும் நீங்கவில்லை. தெருவில் நிற்கும் மோட்டார் வண்டியைப் பொருட்படுத்தாத கூட்டம், அதிலிருந்து ஒருவர் இறங்கியவுடனே விலகி நடக்கத் தொடங்கும். இன்னும் சில அடி நெருங்கினால் எழுந்து பறந்துவிடும். எனவே வண்டியே மறைவிடமாக, கண்ணாடியைத் தாழ்த்தி, தொலைநோக்குக் கண்ணாடியைக் கதவின் மேல் ஊன்றிப் பார்ப்பதே அனுபவமுள்ளோர் கையாளும் முறை. கானமயிலைத் தேடும் கண்களுக்குக் கல்கௌதாரிகளும், வானம்பாடிக் கூட்டங்களும், இலங்கையிலும் காணப்படுகின்ற கொண்டலாத்தியும் தென்படும்.

காலை பத்து மணியளவில் நிலம் வெப்பமடைந்து காற்று மேலெழத் தொடங்கும். அதுவரை பாறையில் ஒடுங்கியிருந்த பிணந்தின்னிக் கழுகுகள் அக்காற்றில் ஏறி வட்டமிடும் நேரம் அது. வடக்கே ஒரு மணி நேரப் பிரயாணத்தில் உள்ள மொன்பிராகுவே இதனைக் காண ஏற்ற இடம். தாகஸ் ஆற்றின் மேல் செங்குத்தாக நிற்கும் பாறைகளில் கூட்டங்கூட்டமாகக் கழுகுகள் வாழ்கின்றன. அயலிலுள்ள குன்றுகளின் மரங்களில் கரும் பிணந்தின்னிக் கழுகுகள் 300க்கும் மேற்பட்ட சோடிகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் விரித்த சிறகுகள் ஏறக்குறைய மூன்று மீற்றர் அகலமானவை. இக்குன்றுகளும் ஒருகால் அழிவின் வாயிலில் நின்றவையே. காகித உற்பத்திக்கென இயற்கைக் காட்டை வெட்டி யூக்கலிப்டசு மரங்களை நடும் வேலை 1970களில் நடந்துகொண்டிருந்தது. யேசுஸ் கார்சோன் முதலிய இயற்கை ஆர்வலர்கள் அதனை எதிர்த்துப் போராடியதன் பயனாக 1979இல் மொன்பிராகுவே இயற்கைப் பூங்காவாகவும், 2007இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது.

மொன்பிராகுவேயிலிருந்து மீண்டும் தெற்கே திரும்பினால் 'தெகேசா' எனப்படும் நிலம் வருகிறது. இது காடுமன்று, வயலுமன்று. ஓக்கு மரங்களை இடைவெளி விட்டு நிறுத்தி, அவற்றின் கீழ் மந்தைகளை மேய்த்தும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது தானியம் விதைத்தும் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த நிலம். பனிக்காலத்தில் ஓக்கு மரங்களின் கொட்டைகள் உதிரும். கரிய ஐபீரியப் பன்றிகள் அவற்றைத் தின்று கொழுக்கும். அதே கொட்டைகளுக்காக வடக்கேயிருந்து பெருங்கொக்குகளும் வருகின்றன.

இப்பெருங்கொக்கு நம் குளக்கரைக் கொக்கின் இனமன்று. மனிதனின் மார்பளவு உயரமும், இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட சிறகு விரிவும், வெகுதூரம் கேட்கும் எக்காளக் குரலும் உடையது. சுவீடன், பின்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில் குஞ்சு பொரித்து, பிரான்சையும் பிரனீஸ் மலைகளையும் கடந்து எக்ஸ்திரமதூராவை அடைகிறது. அவ்வாண்டுக் குஞ்சு பனிக்காலம் முழுவதும் தாய் தந்தையரைப் பிரியாது உடனிருக்கும். மேயும் கூட்டத்தை உற்று நோக்கினால், தலையில் செம்பழுப்பு நிறம் மாறாத குஞ்சு, பெரிய பறவைகள் இரண்டின் நடுவே நடப்பதைக் காணலாம்.

கொக்கு வந்த காலத்திலேயே ஆடும் வந்தது என்பது இந்நாட்டின் பழைய வரலாறு. வடக்கு மலைகளில் பனி விழும்போது மெரினோ ஆட்டு மந்தைகள் தெற்கு நோக்கி நடத்தப்பட்டன. 1273இல் மன்னர் பத்தாம் அல்போன்சோவின் அங்கீகாரம் பெற்ற 'மெஸ்தா' என்னும் ஆயர் சங்கம் 1836 வரை இவ்வழிகளைக் காத்தது. சுமார் 75 மீற்றர் அகலமுள்ள மந்தைப் பாதைகள் இன்றும் சட்டத்தால் பாதுகாக்கப்படுகின்றன. மொன்பிராகுவேக்காகப் போராடிய கார்சோன் பிற்காலத்தில் மந்தைகளை மீண்டும் அப்பாதைகளில் நடத்த முயன்றார். மேய்ச்சல் நின்றால் புதர் மண்டும், புதர் மண்டினால் வெளிநிலப் பறவைக்கு இடமில்லை என்பதை உணர்ந்தோர் அதனை வரவேற்றனர்.

மாலையில் பிரயாணிகள் மத்ரிகலேஹோவை அண்டிய நெல்வயல்களை அடைவர். 1516 ஜனவரியில் மன்னர் பெர்டினண்டு உயிர்நீத்த சிற்றூர் அது. 1952இல் சட்டமாக்கப்பட்ட 'பதஹோஸ் திட்டம்' குவாதியானா ஆற்றின் நீரை அணைகளில் தேக்கி, வரண்ட நிலத்தில் நெல்லும் சோளமும் விளையச் செய்தது. அறுவடைக்குப்பின் சிதறிக் கிடக்கும் தானியம் கொக்குகளுக்கு விருந்தாயிற்று. பொழுது சாயும்போது அவை அணியணியாக வந்து, நரி நெருங்க இயலாத ஆழமற்ற நீரில் இரவைக் கழிக்க இறங்குகின்றன. வானம் இருண்டபின்னும் குரல் ஓயாது. எக்ஸ்திரமதூராவில் பனிக்காலத்தைக் கழிக்கும் கொக்குகள் இன்று ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை. 1980களில் இருந்ததைவிடப் பன்மடங்கு.

இக்காட்சியைக் கண்டு மகிழ்வோர் அதன் மறுபக்கத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். கொக்கை வாழ்வித்த அதே நீர் கானமயிலுக்கு உதவவில்லை. தானியத்தை விதைத்து, மறு ஆண்டு நிலத்தைத் தரிசாக விட்டு, ஆட்டை மேய்க்கும் பழைய சுழற்சியே கானமயிலுக்கு உணவும் மறைவும் அளித்தது. நீர்ப்பாசனம் வந்த இடங்களில் தரிசு மறைகிறது. ஒலிவ மரங்களும் வாதுமை மரங்களும் நெருக்கமாக நடப்படுகின்றன. சூரிய மின்னிலையங்களும் தட்டையான நிலத்தையே நாடுகின்றன. முன்னர் எங்கும் காணப்பட்ட சிறு கானமயில், 2005க்கும் 2016க்கும் இடையில் ஸ்பெயினில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2023இல் அந்நாட்டு அரசு அதனை அழிவின் விளிம்பிலுள்ள பறவையாக அறிவித்தது.

நெல்லால் குடியானவனுக்குக் கிடைத்த நல்வாழ்வைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. வரண்ட நிலத்தில் வாழ்வோர் அனைவரும் நீரை வேண்டுவது இயல்பே. ஆயினும் நீரில்லா நிலத்தைப் பயனற்ற நிலமெனக் கணக்கிலிருந்து நீக்குவது தவறு என்பதற்கு எக்ஸ்திரமதூரா சான்றாக உள்ளது. விளைச்சல் குறைந்த தரிசு வயலை வைத்திருக்கும் உழவனுக்கும், மந்தையோடு நடக்கும் இடையனுக்கும் அவ்வுழைப்பினால் வாழ வழியிருந்தாலன்றி, அவர்கள் காத்துவந்த பறவைகளும் நிலைத்திரா. பெப்ரவரி முடியுமுன் கொக்குகள் வடக்கே திரும்பிவிடும். கானமயிலோ அங்கேயே தங்கி, மார்ச்சு மாதத்தில் அதே தரிசு வெளியில் தன் துணைதேடும் ஆடலைத் தொடங்கும். அவ்வேளையில் அந்த வெளி அதற்கு இருக்கவேண்டும்.