கொடையும் கூலியும்



ஒரு கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்து நிற்கிறதென்றால், அதன் அடித்தளத்தில் பலருடைய உழைப்பும் பலருடைய கொடையும் இருக்கின்றன. வெள்ளி விழா மேடையில் கொடையாளர்களைப் போற்றுவது மரபு. அம்மரபை நானும் மதிக்கிறேன். ஆயினும் இன்று கொடையைப் போற்றுவதோடு நில்லாமல், கொடைக்கும் கூலிக்கும் உள்ள உறவு யாது என்பதைச் சிந்திக்குமாறு உங்களை அழைக்க விரும்புகிறேன். அதற்குப் பேரங்காடி வணிகத்தை, அதாவது சூப்பர் மார்க்கெட் என்று நாம் வழங்குவதை, எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்ற சொற்றொடர் இன்று எங்கும் ஒலிக்கிறது. சட்டத்துக்கு உட்பட்டு இலாபம் ஈட்டுவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று 1970-இல் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் வாதிட்டார். பங்குதாரர் மட்டுமல்லர், தொழிலாளர், வாடிக்கையாளர், சரக்கு வழங்குவோர், சுற்றிலும் வாழும் மக்கள் ஆகிய தொடர்புடையோர் அனைவரையும் கருதியே நிறுவனம் நடத்தப்பட வேண்டும் என்று 1984-இல் எட்வர்ட் ஃபிரீமன் தம் நூலில் எழுதினார். கேட்பதற்கு இனிய கருத்துத்தான். ஆனால் தொடர்புடையோரின் நலன்கள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன செய்வது? பங்குதாரர் ஈவுத்தொகை மிகவேண்டும் என்கிறார். வாடிக்கையாளர் விலை குறையவேண்டும் என்கிறார். கடை ஊழியர் சம்பள உயர்வு கேட்கிறார். பண்ணையார் கொள்முதல் விலை கேட்கிறார். இவர்கள் அனைவருக்கும் அப்பால், வெயிலில் குனிந்து காய் பறிப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் குரல் கடையின் குளிரூட்டப்பட்ட அறைக்குள் எட்டுவதே இல்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பப்ளிக்ஸ் என்றொரு பேரங்காடி நிறுவனம் உண்டு. 1930-இல் ஜார்ஜ் ஜென்கின்ஸ் என்பவர் ஒரே ஒரு மளிகைக் கடையாக அதனைத் தொடங்கினார். அதன் பங்குகள் பொதுச் சந்தையில் விற்கப்படுவதில்லை. ஊழியர்களே பங்குகளுக்கு உரியவர்களாக உள்ள நிறுவனங்களுள் அந்நாட்டிலேயே மிகப் பெரியது அது. கல்விக்கும் பசி தீர்க்கும் பணிக்கும் உதவுவதற்கென 1966-இலேயே ஓர் அறக்கட்டளையை நிறுவனர் ஏற்படுத்தினார். ஊழியரை உடைமையாளராக்கிய கடை. ஊருக்கு வழங்கும் கடை. இதைவிடப் பொறுப்புள்ள நிறுவனம் ஏது என்று எவரும் கேட்கலாம்.

அதே மாநிலத்தின் தென்மேற்கில் இம்மோக்கலி என்றோர் ஊர். குளிர்காலத்தில் அமெரிக்க மண்ணில் விளைந்து அந்நாட்டு மக்கள் உண்ணும் தக்காளியில் பெரும்பகுதி புளோரிடாவின் வயல்களிலிருந்தே செல்கிறது. அங்குக் காய் பறிப்போர் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹைத்தி ஆகிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஒரு வாளி 32 இராத்தல் கொள்ளும். அதனைப் பறித்து நிரப்பித் தோளில் சுமந்து வண்டிக்குக் கொண்டு சேர்த்தால் கிடைத்த கூலி, 2010 வாக்கில், ஏறத்தாழ 50 சென்ட். நூறு வாளி சுமந்தவர் ஐம்பது டாலர் பெறுவார். அதற்குள் 3,200 இராத்தல், அதாவது ஏறக்குறைய 1,450 கிலோ தக்காளி அவர் தோள்மீது ஏறி இறங்கியிருக்கும். வாளியின் விளிம்புக்கு மேலும் குவித்து நிரப்புமாறு மேற்பார்வையாளர் வற்புறுத்துவதும் உண்டு. குவித்த காய்க்குக் கூலி கிடையாது.

கூலிக் குறைவோடு கொடுமை முடிந்ததா? இல்லை. கடன் கணக்குக் காட்டித் தொழிலாளரைப் பிணைத்து, அடித்து, வண்டிக்குள் பூட்டி வைத்த குற்றத்திற்காக, இம்மோக்கலியைச் சேர்ந்த தொழிலாளர் ஒப்பந்தக்காரர் இருவருக்கு 2008-இல் நீதிமன்றம் பன்னிரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. கொத்தடிமை என்ற சொல்லின் பொருளை இம்மன்றத்தில் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

இந்நிலைக்கு வேர் சட்டத்திலேயே இருந்தது. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைப் பாதுகாத்த 1935-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயத் தொழிலாளரையும் வீட்டு வேலை செய்வோரையும் விலக்கி வைத்தது. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த 1938-ஆம் ஆண்டுச் சட்டமும் விவசாயத் தொழிலாளரை விலக்கியது. 1966-இல்தான் அதன் கதவு அவர்களுக்குச் சிறிது திறந்தது. தென்மாநில வயல்களிலும் வீடுகளிலும் உழைத்தோரில் மிகப் பலர் கறுப்பின மக்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், விலக்கப்பட்டவர் யார் என்பது விளங்கும்.

1993-இல் ஒரு தேவாலயத்தில் இரவல் பெற்ற அறையில் இத்தொழிலாளர்கள் கூடிப் பேசத் தொடங்கினர். இம்மோக்கலித் தொழிலாளர் கூட்டமைப்பு அவ்வாறு பிறந்தது. வேலை நிறுத்தம் செய்தனர், உண்ணாநோன்பு இருந்தனர், நெடும்பயணம் நடந்தனர். பண்ணையார்களிடம் கேட்டால், வாங்குவோர் விலையைக் குறைக்கிறார்கள், நாங்கள் என்ன செய்வோம் என்றனர். கூலியை உண்மையில் நிர்ணயிப்பவர் யார் என்ற கேள்வியைத் தொழிலாளர்கள் ஆராய்ந்தனர். ஆயிரக்கணக்கான கடைகளுக்காக மொத்தமாக வாங்கும் நிறுவனமே பண்ணையின் விலையை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட விலை கூலியை அழுத்துகிறது என்று கண்டனர். எனவே 2001-இல் கோரிக்கையை வாங்குவோரிடமே கொண்டு சென்றனர். கோரியது மிகச் சிறிய தொகை: இராத்தலுக்கு ஒரு சென்ட் கூடுதல். அது முழுவதும் கைக்கு வந்தால் ஒரு வாளிக்கு 32 சென்ட்.

நான்காண்டுப் புறக்கணிப்புக்குப் பின் 2005-இல் டாக்கோ பெல் என்ற உணவக நிறுவனம் இணங்கியது. பேரங்காடிகளுள் ஹோல் ஃபூட்ஸ் 2008-இலும், டிரேடர் ஜோஸ் 2012-இலும், உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட் 2014-இலும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. 2010-இல் புளோரிடாவின் தக்காளிப் பண்ணையார் சங்கமும் உடன்பட்டது.

இத்திட்டத்தின் அமைப்பை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். கூடுதல் தொகை ஊதியச் சீட்டில் தனி வரியாகக் காட்டப்படுகிறது. வாளியைக் குவித்து நிரப்பச் சொல்லுதல் தடை செய்யப்பட்டது. நிழலும் குடிநீரும் உரிமையாயின. கட்டாய உழைப்பும், பெண்கள்மீதான பாலியல் வன்முறையும் நிகழும் பண்ணையிலிருந்து ஒப்பந்த நிறுவனங்கள் தக்காளி வாங்குவதை நிறுத்திவிடும். எந்நேரமும் புகார் கூறத் தொலைபேசி உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் 2011-இல் தொடங்கிய குழு அதனை விசாரித்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, தொழிலாளர்க்குரிய உரிமைகளைத் தொழிலாளரே வயலில், வேலை நேரத்தில், கூலியோடு கற்பிக்கின்றனர். கூலி கொடுத்துக் கல்வி தரும் வயல்! ஒரு கல்விக் கழகத்தின் மேடையில் இதைக் கூறுவதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

பப்ளிக்ஸ் என்ன செய்தது? 2009 முதல் கோரிக்கை அதன் வாயிலுக்குச் சென்றது. 2012 மார்ச்சில் அறுபது பேரளவில் அதன் தலைமையகத்தின் முன் ஆறு நாட்கள் உண்ணாநோன்பு இருந்தனர். பத்தாண்டுகள் கடந்தும் அந்நிறுவனம் இணங்கவில்லை. அதன் வாதத்தையும் நேர்மையோடு கூறுதல் வேண்டும். இது பண்ணைக்கும் அதன் தொழிலாளிக்கும் இடையே உள்ள தகராறு. இதில் கடை தலையிடலாகாது. கூடுதல் கூலியைப் பண்ணை தன் விலையிலேயே சேர்த்துக் கொள்ளட்டும், அந்த விலையைக் கொடுத்து வாங்குகிறோம் என்பது அவ்வாதம். மேலோட்டமாக நோக்கின் நியாயமாகவே தோன்றும். ஆனால் விலைக்குள் கரைந்துவிட்ட காசு தொழிலாளியின் கைக்கு வந்ததா என்பதை யார் கணக்கிடுவார்? தவறு செய்யும் பண்ணையிடம் வாங்கமாட்டோம் என்ற உறுதியை யார் தருவார்? இவ்விரண்டும் இல்லாத இடத்தில் தொழிலாளி மீண்டும் பண்ணையாரின் இரக்கத்தையே நம்பி நிற்க நேரும்.

தன் ஊழியரை உடைமையாளராக மதித்த நிறுவனமும், தன் சுவருக்கு வெளியே நின்ற உழைப்பாளியைத் தனக்குத் தொடர்புடையவராக ஏற்கவில்லை. அறக்கட்டளை வழங்கும் கொடை நல்லதே. ஆயினும் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்கிறார். கூலியோ ஒப்பந்தம், குறைந்தால் கேட்கலாம், மறுத்தால் வழக்காடலாம். பெறுபவரைக் கேட்கும் தகுதியுடையவராக ஆக்குவது கூலியே.

இது கடல் கடந்த செய்தி மட்டுமன்று. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டு நிகர இலாபச் சராசரியில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வியும் அப்பணிகளுள் ஒன்று. நம் கழகம் போன்றவை அதனால் பயன் பெறலாம், பெறட்டும். ஆனால் நிறுவனத்தின் வழக்கமான வணிக நடவடிக்கைகள் அக்கணக்கில் சேரா. பள்ளிக்கு வாங்கித் தந்த பலகை சமூகப் பொறுப்பாகக் கணக்கில் ஏறும். விளைவித்தவருக்கும் பறித்தவருக்கும் கொடுத்த நியாயமான விலை ஏறாது. ஈட்டிய பின் கொடுப்பதை அளக்கும் சட்டம், ஈட்டிய விதத்தை அந்தக் கணக்கில் அளப்பதில்லை.

ஆகவே, கொடையை மறுக்குமாறு நான் கூறவில்லை. நன்றியோடு பெறுவோம், பெற்றதனால் வாய் மூடியிருக்க வேண்டும் என்ற கடமை நமக்கு இல்லை. வயலில் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் இங்கே பலர் அமர்ந்திருக்கிறீர்கள். நாளை உங்களுள் சிலர் கணக்காளராவீர்கள், சிலர் வழக்கறிஞராவீர்கள், ஒரு பேரங்காடியின் கொள்முதல் அதிகாரியாகவும் ஒருவர் அமரக்கூடும். விலைப்பட்டியலில் கையொப்பமிடும் அந்த நேரத்தில், இவ்விலைக்குள் பறித்தவர் கூலி எவ்வளவு என்று ஒருமுறை கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கும் துணிவை மாணவர்க்கு ஊட்டுவதே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆற்றிவரும் பணியின் பயனாகும். அப்பணி மேலும் ஓங்கி வளர்க.